நோட்டீஸ் வந்தால் நிலம் போய்விடாது! தடை வாங்கினால் நிலம் சொந்தமாகியும் விடாது!

(வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடைபெற்ற விவசாயிகள் ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கிராமக் கமிட்டிகள் ஊரைக் கூட்டி வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)

விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, நமக்குத் துணையாக வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர் தோழர்களே!

நம் வட்டத்தில் மூன்று கிராமங்களுக்கு ஒரே மாதத்தில் ஆபத்து வந்திருக்கிறது. ஒரு ஊரில், "நீங்கள் பயிர் வைப்பது அரசு புறம்போக்கு, காலி செய்யுங்கள்" என்று நோட்டீஸ். இன்னொரு ஊரில், மூன்று தலைமுறையாகக் கோயில் நிலத்தில் குத்தகை கட்டிப் பயிர் செய்தவர்களைப் பார்த்து, "நீங்கள் ஆக்கிரமிப்பாளர்" என்று நோட்டீஸ். மூன்றாவது ஊரில் நோட்டீசே கிடையாது. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கிற கூட்டுப் பட்டா நிலத்தில், ஒரே ஒரு பங்கை விலைக்கு வாங்கிய கம்பெனி, ஜே.சி.பி.யோடு வந்து கல்தூண் நட ஆரம்பித்துவிட்டது. மணிலா காய் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் வரப்பை உடைத்தால் இந்த வருஷக் கஞ்சி போச்சு.

நோட்டீசைக் கையில் வாங்கியதும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஒருத்தர் அதைக் கிழித்துப் போடுகிறார். ஒருத்தர் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைக்கிறார். ஒருத்தர் கட்சிக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். கடைசியில் போலீஸ் வேன் வரும்போது, "ஸ்டே வாங்கணும், ஸ்டே வாங்கணும்" என்று ஓடுகிறோம். ஓடுகிற நேரத்தில் கையில் ஒரு காகிதம் இருக்காது.

அதனால் இன்றைக்குக் கோஷம் போடுவதோடு நிறுத்தாமல், கோர்ட்டுத் தடை என்றால் என்ன, அது எப்படிக் கிடைக்கும், கிடைத்த பிறகு எப்படிக் கையைவிட்டுப் போகும் என்று விவரமாகப் பேசச் சொல்லி செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. நாங்கள் வக்கீல் இல்லை. கலப்பை பிடிக்கிறவர்கள்தான். ஆனால் பல வருஷமாக ஊர் வழக்குகளுக்காகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதல் கேள்வி: இது எந்த நிலம்?

"பொது நிலம்" என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்கிறோம். சட்டத்துக்கு அது போதாது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சட்டம், ஒரு கதவு. தப்பான கதவைத் தட்டினால் "இங்கே வராதே, அங்கே போ" என்று சொல்வதற்கே ஆறு மாதம் ஓடிவிடும்.

முதலாவது, அரசுத் தரிசும் புறம்போக்கும். இதில் தாசில்தார் கையில் இருக்கிற ஆயுதம் 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 7-வது பிரிவு நோட்டீஸ், "ஏன் உன்னை வெளியேற்றக் கூடாது, பதில் சொல்" என்று கேட்பது. 6-வது பிரிவு நோட்டீஸ், வெளியேற்றுகிற நோட்டீஸ். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 7-வது பிரிவில் பதில் கேட்காமல் நேராக 6-வது பிரிவுக்குப் போனால் அந்த உத்தரவு சட்டப்படி நிற்காது. இன்னொன்று, 6-வது பிரிவில் நிலத்தில் நிற்கிற பயிரையும் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு. "அறுப்பு வரை விட்டுவிடுவார்கள்" என்று சும்மா நம்பி உட்காராதீர்கள்.

இரண்டாவது, கோயில் நிலம், மடத்து நிலம், தர்ம நிலம். இங்கே நமக்குக் குத்தகைதாரர் என்கிற அந்தஸ்து இருக்கிறது. 1955-ஆம் வருஷத்து சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், பொது அறநிலைய நிலங்களுக்கான 1961-ஆம் வருஷச் சட்டமும் போராடிப் பெற்ற சட்டங்கள். சாகுபடிக் குத்தகைதாரரை யாரும் கையைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. அதற்கென்று உள்ள வருவாய் அதிகாரி முன்போ வருவாய் நீதிமன்றத்திலோ மனுப் போட்டு, காரணத்தை நிரூபித்து, உத்தரவு வாங்கித்தான் வெளியேற்ற முடியும். காரணங்களும் சட்டத்தில் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன: குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குவது, விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, நிலச் சொந்தக்காரரின் உரிமையையே வேண்டுமென்று மறுப்பது.

அப்படியானால் எப்படி "ஆக்கிரமிப்பாளர்" என்று நோட்டீஸ் வருகிறது? குத்தகைச் சீட்டு தாத்தா பேரில் இருக்கிறது. தாத்தா போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். பேரன் ஏர் பிடிக்கிறான், அவன் பேர் எங்கேயும் இல்லை. ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் "பேர் இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன்" என்று எழுதிவிடுகிறார். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? குத்தகைதாரர் இறந்தால், தன் உடலுழைப்பைப் போட்டு அந்த நிலத்தில் பயிர் செய்கிற வாரிசும் சாகுபடிக் குத்தகைதாரர்தான். இதைப் பதிலில் முதல் வரியாக எழுத வேண்டும். அதோடு ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம்: கோயில் நிலத்தை வாங்கி இன்னொருத்தருக்கு உள்குத்தகை விட்டுவிட்டு டவுனில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சட்டம் உதவாது. சங்கமும் அவருக்காக வராது.

மூன்றாவது, ஊருக்குப் பொதுவான கூட்டுப் பட்டா. ஒரு பங்காளி தன் பாகத்தை விற்கலாம், அது அவர் உரிமை. ஆனால் பாகம் பிரிக்காத நிலத்தில் பங்கு வாங்கியவருக்கு என்ன கிடைக்கும்? விற்றவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் கிடைக்கும். "ரோட்டோரம் இருக்கிற இந்த மூன்று காணிதான் என் பங்கு" என்று அவராக அளந்து வேலி போட முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 44-வது பிரிவு அவருக்குக் கொடுப்பது, பாகப் பிரிவினை கேட்டு கோர்ட்டுக்குப் போகிற உரிமையை. அதுவரை வேலிக்கு இடமில்லை.

பதில் எழுதாதவன் பாதி தோற்றவன்

நோட்டீஸ் வந்தால் முதல் வேலை, வாங்கிய தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். கதவில் ஒட்டிவிட்டுப் போனால் செல்போனில் படம் எடுங்கள். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

இரண்டாவது வேலை, பதில். பதிலை நேரில் கொடுத்து முத்திரை போட்ட ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். இந்த ஒரு ரசீது இல்லாததால் கைநழுவிய வழக்குகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? ஹைகோர்ட்டுக்கு ரிட் போட்டால் பல வழக்குகளில் இப்படித்தான் உத்தரவு வருகிறது: "மனுதாரர் பதில் கொடுக்கட்டும், தாசில்தார் அதை விசாரித்துக் காரணத்தோடு உத்தரவு போடட்டும், அதுவரை வெளியேற்ற வேண்டாம்." அதாவது கோர்ட்டும் சுற்றி வந்து நம் பதிலில்தான் நிற்கிறது. அந்தப் பதிலில் விஷயம் இருக்க வேண்டும். "ஐயா ஏழை, கருணை காட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால் தாசில்தார் ஒரே வரியில் தள்ளிவிடுவார். சர்வே நம்பர், எத்தனை வருஷமாகப் பயிர், என்ன பயிர், கிணறு எப்போது வெட்டியது, பி-மெமோ தொகை எந்தெந்த வருஷம் கட்டியது, குடும்பத்துக்கு வேறு நிலம் உண்டா இல்லையா என்று வரிசையாக எழுத வேண்டும்.

மூன்றாவது, வெளியேற்ற உத்தரவே வந்துவிட்டால் மேலதிகாரிக்கு அப்பீல் உண்டு. அப்பீல் மனுவோடு, "அப்பீல் முடியும்வரை உத்தரவை நிறுத்தி வையுங்கள்" என்று தனி மனுவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்பீலை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவைப்பு மனு போடாமல் இருந்தால், அப்பீல் ஒருபக்கம் நடக்கும், புல்டோசர் ஒருபக்கம் நடக்கும்.

தடை கேட்டால் நீதிபதி பார்ப்பது மூன்றே மூன்று

முன்சீப் கோர்ட்டில் உறுத்துக் கட்டளை கேட்டு வழக்குப் போடும்போது, இடைக்காலத் தடைக்குத் தனி மனு போடுகிறோம். அதை முடிவு செய்ய நீதிபதி மூன்று விஷயத்தைப் பார்ப்பார்.

ஒன்று, பார்த்த மாத்திரத்தில் இந்த ஆள் பக்கம் ஒரு நியாயம் தெரிகிறதா? இரண்டு, தடை கொடுத்தால் எதிராளிக்கு வரும் கஷ்டம் பெரிதா, கொடுக்காவிட்டால் இவருக்கு வரும் கஷ்டம் பெரிதா? மூன்று, தடை கொடுக்காமல் விட்டால் பின்னால் பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் வருமா?

இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் நம் பக்கம்தான். காய் பிடித்த பயிரை அழித்தால் திரும்ப வருமா? கிணற்றை மூடினால் ஊற்று திரும்புமா? நாம் சறுக்குவது முதலாவதில். "நான்தான் பயிர் செய்கிறேன், ஊருக்கே தெரியும்" என்கிறோம். ஊருக்குத் தெரிந்தது நீதிபதிக்குத் தெரியாது. அவருக்குக் காகிதம்தான் பேசும்.

என்னென்ன காகிதம்? அடங்கல் நகல். அ-பதிவேட்டு நகல். புலப்படம். பி-மெமோ கட்டிய ரசீதுகள். புறம்போக்கில் நிற்கும் மரங்களுக்கு 2-சி பட்டா இருந்தால் அது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய சீட்டு, பயிர்க் காப்பீட்டு ரசீது, மோட்டார் கரண்டு இணைப்பு அட்டை. கோயில் நிலமென்றால் குத்தகை ரசீது ஒவ்வொன்றும். கூட்டுப் பட்டா என்றால் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகல். யு.டி.ஆர். சர்வே நடந்தபோது தப்பாக ஏறிய பெயர்கள் எத்தனை ஊரில் சண்டைக்குக் காரணம் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தைய பதிவேட்டைப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். ஆபீசில் நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பி-மெமோ இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. "இத்தனை வருஷமாக அனுபவத்தில் இருக்கிறேன்" என்று காட்டுவதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் "நிலம் அரசுடையது" என்று நாமே ஒப்புக்கொண்ட சாட்சியும் அதுதான். அதை வைத்துக்கொண்டு "நிலம் என் சொந்தம்" என்று பிராதில் எழுதினால் வழக்குத் தானாக உடையும். "நீண்டகால அனுபவம் இருக்கிறது, நிலமற்ற ஏழை, ஒப்படைப் பட்டா கேட்டு மனு நிலுவையில் இருக்கிறது, அது முடியும்வரை வெளியேற்றாதே" என்று கேட்பதுதான் நிற்கும். வக்கீலிடம் இதைக் கேட்டு எழுத வையுங்கள்.

அனுபவத்துக்கு எவ்வளவு மதிப்பு? 2003-ல் ராமே கவுடா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: நிலைபெற்ற அனுபவத்தில் இருக்கும் ஒருவரை, நிலத்தின் உண்மையான சொந்தக்காரரே ஆனாலும், சட்டப்படியல்லாமல் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது. நேற்று ராத்திரி போய்க் கொட்டகை போட்டவருக்கு இது பொருந்தாது. விதைத்து, அறுத்து, வருஷக்கணக்காக நிம்மதியாக அனுபவித்தவருக்கே பொருந்தும். ஆனால் 2008-ல் அனந்துல சுதாகர் வழக்கில் இன்னொன்றும் சொன்னது: நிலத்தின் உரிமையே சச்சரவில் இருந்தால், வெறும் உறுத்துக் கட்டளை வழக்கு மட்டும் போதாது, உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கூட்டுப் பட்டா ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசாங்கம் எதிரி என்றால், கம்பெனி எதிரி என்றால்

அரசாங்கத்தின்மேல் சிவில் வழக்குப் போட வேண்டுமென்றால் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவு. அவசரம் என்றால் கோர்ட்டு அனுமதியோடு முன்னறிவிப்பு இல்லாமல் போடலாம். ஆனாலும் அரசுத் தரப்பைக் கேட்காமல் தடை கிடைக்காது. காலையில் வழக்கு, மத்தியானம் ஸ்டே என்று யாராவது புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். அதனால்தான் நோட்டீஸ் வந்த வாரமே வேலையைத் தொடங்கச் சொல்கிறோம்.

கம்பெனிக்காரன் எதிரி என்றால் அவன் முந்திக்கொள்ளுவான். ஊர்க்காரர்கள் தன் நிலத்தில் நுழைகிறார்கள் என்று நமக்கே எதிராக ஒருதலைப்பட்சமாகத் தடை வாங்கப் பார்ப்பான். அதைத் தடுக்க கேவியட் மனு போடலாம். "என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்" என்பதுதான் கேவியட். 90 நாள் செல்லும். முடிந்தால் மறுபடி போட வேண்டும்.

கூட்டு நிலத்துக்கு ஆளாளுக்குத் தனி வழக்குப் போடக் கூடாது. ஒருத்தர் வழக்கில் ஒன்று சொல்வார், இன்னொருத்தர் வேறொன்று சொல்வார், எதிராளி வக்கீல் இரண்டையும் எடுத்துக் காட்டிச் சிரிப்பார். ஒரே உரிமை உள்ள பல பேருக்காகச் சிலர் பிரதிநிதியாக வழக்கு நடத்த, கோர்ட்டு அனுமதி பெற்று, வழி இருக்கிறது. கட்டளை 1 விதி 8 என்று வக்கீலிடம் சொன்னால் புரிந்துகொள்வார். கோர்ட்டு ஆணையரை அனுப்பி நிற்கிற பயிரையும் கிணற்றையும் வரப்பையும் குறித்து அறிக்கை வாங்கவும் கேட்கலாம். வேலி போட்ட பிறகு வரும் ஆணையரால் என்ன பயன்? முன்னாலேயே வரவழைக்க வேண்டும்.

வருவாய்க் கோட்டாட்சியர் "அமைதிப் பேச்சுவார்த்தை" என்று கூப்பிடுவார். போங்கள். ஆனால் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வாசிக்காமல் எதிலும் போடாதீர்கள். சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று பழைய 145-வது பிரிவில் நடவடிக்கை எடுப்பார்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 164-வது பிரிவு. அங்கே கேள்வி "யார் சொந்தக்காரர்" என்பதில்லை, "யார் அனுபவத்தில் இருந்தது" என்பதே. ஆகவே அங்கேயும் அடங்கல்தான் பேசும்.

தடை கிடைத்த பிறகு தூங்கினால்

தடை உத்தரவு கிடைத்ததும் பட்டாசு வெடிக்கிறோம். அடுத்த வாய்தாவுக்கு யாரும் போவதில்லை. இதுதான் நம் பெரிய வியாதி.

முன்சீப் கோர்ட்டில் எதிராளியைக் கேட்காமல் தடை கிடைத்தால், மனுவின் நகலையும் ஆவணங்களையும் அன்றைக்கோ மறுநாளோ எதிராளிக்கு அனுப்பி, அனுப்பியதாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதற்காகவே தடை ரத்தாகும். ஹைகோர்ட்டிலும் எதிராளி "தடையை நீக்கு" என்று மனுப் போட்டால் நம் வக்கீல் நிற்க வேண்டும்.

தடை ஆறு மாதத்தில் தானாகக் காலாவதி ஆகிவிடும் என்று சில அதிகாரிகள் இன்னும் சொல்கிறார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட் அப்படி ஒரு தீர்ப்புச் சொன்னது உண்மைதான். ஆனால் 2024 பிப்ரவரி 29-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றிவிட்டது. நாள் கடந்தது என்கிற ஒரே காரணத்தால் தடை தானாகப் போகாது. ஆனால் உத்தரவிலேயே "இந்தத் தேதி வரை" என்று எழுதியிருந்தால் நீட்டிப்புக் கேட்டே ஆக வேண்டும். உத்தரவை வாசித்துப் பாருங்கள்.

"உள்ளது உள்ளபடி இருக்கட்டும்" என்று ஸ்டேட்டஸ் கோ உத்தரவு வந்தால், அது நம்மையும் கட்டும். புதிதாகக் கொட்டகை போடுவது, புதுக் கிணறு வெட்டுவது, பக்கத்து நிலத்தில் நாலு சால் கூட ஓட்டுவது எல்லாம் நம்மை மாட்டிவிடும். பயிர் செய்துகொண்டிருந்த இடத்தில் பயிர் செய்யலாமா என்பதை உத்தரவிலேயே தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். எதிராளி தடையை மீறினால் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். படம் எடுங்கள், போலீசில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள், கட்டளை 39 விதி 2-ஏ-யில் மனுப் போடுங்கள். மீறியவர் சொத்தை ஜப்தி செய்யவும், அவரைச் சிவில் சிறையில் வைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. நாம் கைவைத்தால் வழக்கு நம்மேல் திரும்பும். அதற்காகவே ஆள்விட்டுச் சீண்டுவார்கள்.

நாடு பார்த்த மூன்று பாடங்கள்

முதல் பாடம் சிங்கூர். மேற்கு வங்கத்தில் 2006-ல் கார் தொழிற்சாலைக்காக ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் எடுத்தார்கள். 2008-ல் கல்கத்தா ஹைகோர்ட்டில் விவசாயிகள் தோற்றார்கள். 2016 ஆகஸ்ட் 31-ல் சுப்ரீம் கோர்ட் கையகப்படுத்தியது செல்லாது, நிலத்தைத் திருப்பிக் கொடு என்றது. பத்து வருஷம் கழித்து ஜெயம். ஆனால் அதற்குள் நிலத்தில் மண் கொட்டி, கட்டிடம் எழுப்பி, கான்கிரீட் போட்டாகிவிட்டது. கடைசித் தீர்ப்பு நமக்கு வந்தாலும், நடுவில் நிலம் காப்பாற்றப்படாவிட்டால் கைக்கு வருவது பழைய கழனியாக இருக்காது. இடைக்காலத் தடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டாவது பாடம் நம் சென்னை-சேலம் எட்டு வழிச் சாலை. 2018 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட், நிலத்தைவிட்டு யாரையும் வெளியேற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2019 ஏப்ரலில் கையகப்படுத்தும் அறிவிப்புகளையே ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த அறிவிப்பு செல்லும் என்று திருப்பிச் சொன்னது. அதே தீர்ப்பில், விவசாயிகள் பெயரை எடுத்துவிட்டு மாற்றிய வருவாய்ப் பதிவுகளைத் திரும்ப அவர்கள் பெயருக்கே மாற்றவும் சொன்னது. கீழே கிடைத்தது மேலே போகலாம். தடை என்பது கெடு. அந்தக் கெடுவுக்குள் ஊர் தயாராக வேண்டும்.

மூன்றாவது பாடம் காட்டு நில மக்கள். 2019 பிப்ரவரி 13-ல் சுப்ரீம் கோர்ட், வன உரிமை மனு தள்ளுபடி ஆனவர்களை வெளியேற்றச் சொன்னது. பல மாநிலங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் கதி கேள்விக்குறியானது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. மத்திய அரசே கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அதே மாதம் 28-ஆம் தேதி அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. பதினைந்தே நாள்! வீதியில் நின்ற ஜனங்களும், கோர்ட்டில் நின்ற வக்கீலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நமக்குள்ளே ஒரு பேச்சு

இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். சொல்லத்தான் வேண்டும்.

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாபில் ஒரு ஊர்க் குளத்தை மண் கொட்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் விஷயத்தில், சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது: ஊர்ப் பொது நிலத்திலிருந்து சட்டவிரோத ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் இன்றைக்கு நமக்கும் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். ஆனால் அதே தீர்ப்பில் விதிவிலக்கும் இருக்கிறது. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசாணைப்படி குத்தகையாகக் கொடுத்த நிலம், பள்ளிக்கூடம், மருந்தகம் போன்ற பொதுக் காரியம் நடக்கும் இடம் ஆகியவற்றை வரன்முறை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறது. அதிகாரிகள் முதல் பாதியை வாசிக்கிறார்கள், இரண்டாம் பாதியை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். நாம் இரண்டையும் வாசித்துக் காட்ட வேண்டும்.

அதேபோல ஏரி உள்வாய், ஓடை, வாய்க்கால் இவற்றில் பயிர் வைத்திருப்பவர்களுக்குச் சங்கம் பொய் நம்பிக்கை தராது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. கோர்ட்டுகளும் நீர்நிலை என்றால் கடுமையாக நிற்கின்றன. அங்கேயும் நோட்டீஸ் கொடுத்து, அளந்து, விசாரித்துத்தான் எடுக்க வேண்டும் என்பதற்காக வாதாடுவோம். மாற்று இடம் கேட்டுப் போராடுவோம். ஆனால் ஏரி ஏரியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் நம் நிலை. கடைமடைக்குத் தண்ணீர் போகாமல் எந்த விவசாயச் சங்கம் இருக்க முடியும்?

மேய்க்கால் நிலத்திலும் இதே நியாயம். ஆடு மாடு வைத்திருக்கும் நிலமற்றவரும் ஊர்க்காரர்தான். ஐந்து காணி பட்டா வைத்திருப்பவர் மேய்க்காலில் மேலும் இரண்டு காணியை வளைத்துக்கொண்டு, நோட்டீஸ் வந்ததும் ஏழைகள் பட்டியலில் தன் பேரையும் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்க மாட்டோம். அவர் ஒருத்தர் பேரைக் காட்டியே அரசு வக்கீல் மொத்த ஏழைகளின் வழக்கையும் உடைத்துவிடுவார்.

இனி செய்ய வேண்டியது

நோட்டீஸ் வந்த மூன்று கிராமங்களிலும் இந்த வாரமே கமிட்டி கூட வேண்டும். குடும்பவாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும்: யார் பயிர் செய்கிறார், எந்த சர்வே நம்பர், எவ்வளவு பரப்பு, என்னென்ன காகிதம். கணவர் இறந்து தனியாகப் பயிர் செய்யும் தாய்மார்களின் பேர் தவறாமல் ஏற வேண்டும். காகிதத்தில் கணவர் பேர்தான் இருக்கும், அதனால் முதலில் வெளியே தள்ளப்படுவது அவர்கள்தான். வாரிசுச் சான்றுக்கு உடனே மனுக் கொடுங்கள்.

கோயில் நிலத்துக்காரர்கள் குத்தகை பாக்கியை வைக்காதீர்கள். வாங்க மறுத்தால் சட்டப்படி டெபாசிட் செய்ய வழி உண்டு. பாக்கி இருந்தால்கூட, கட்டுவதற்கு அவகாசம் கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பேர் சேர்க்க தாசில்தாரிடம் மனுப் போடுங்கள். அதற்கு சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது.

வக்கீல் பீசுக்குப் பயந்து வீட்டில் உட்காராதீர்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வக்கீல் தர 1987-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. வட்டக் கோர்ட்டிலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம்.

வட்டாட்சியர் அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நம் கோரிக்கைகள்:

1. பதில் வாங்கி, நேரில் விசாரித்து, காரணத்தோடு எழுத்தில் உத்தரவு போடாமல் ஒரு வரப்பையும் தொடக் கூடாது.

2. நிற்கிற பயிர் அறுவடை முடியும்வரை எந்த நடவடிக்கையும் கூடாது.

3. நிலமற்றவர்கள் கொடுத்த ஒப்படைப் பட்டா மனுக்களை முடிவு செய்யாமல் வெளியேற்றக் கூடாது.

4. சாகுபடிக் குத்தகைதாரர்களின் வாரிசுகளைப் பதிவேட்டில் சேர்க்க சிறப்பு முகாம் நடத்த வேண்டும்.

5. கூட்டுப் பட்டா நிலத்தில் பாகப் பிரிவினை ஆகாமல் தனிப்பட்டா மாற்றம் செய்யக் கூடாது.

6. பொது நிலத்தை வளைத்திருக்கும் பெரும்புள்ளிகளின் பட்டியலை முதலில் வெளியிட வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றம் அங்கிருந்து தொடங்கட்டும்.

தோழர்களே! கோர்ட்டுத் தடை ஒரு வேலி. வேலி பயிரை மாட்டிடமிருந்து காக்கும், பயிரை வளர்க்காது. களையெடுப்பதும் தண்ணீர் கட்டுவதும் நம் வேலை. காகிதத்தைச் சேர்ப்பதும், வாய்தாவுக்குப் போவதும், ஊர் பிரியாமல் நிற்பதும் அதே மாதிரி நம் வேலை. வாய்தா நாளில் ஊருக்கு இரண்டு பேர் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும், மற்றவர்கள் நிலத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை மனுநீதி நாளில் மூன்று ஊர்ப் பட்டியலோடும் ஆட்சியர் அலுவலகம் போகிறோம். குடும்பத்துக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். கையில் நோட்டீசும் ஒரு செட் நகலும் இருக்கட்டும்.

உழுதவன் கையில் நிலம் நிலைக்கட்டும்!
விசாரணை இல்லாமல் வெளியேற்றாதே!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!